கதவுசாத்தி

மரங்கொத்தி மரத்தைக் கொத்தும். மீன்கொத்தி மீனைக் கொத்தும். கதவுசாத்தி என்று ஒரு பிறவி இருப்பது உங்களுக்குத் தெரியுமோ? தெரியாவிட்டால் பரவாயில்லை. பதினாறு வருஷமாக அப்படி ஒன்றிடம் நான் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதற்குச் சிறகு கிடையாது, விமானத்தில் வரும். வந்து இறங்கின புதிதில் பார்க்கப் பரமசாதுவாக இருக்கும். குளிரில் வெடவெடக்கும், எதிரே வருகிறவரையெல்லாம் பார்த்துச் சிரிக்கும், பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு மூன்று தடவை நன்றி சொல்லும், விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போய்விட்டதோ என்று ராத்திரி எழுந்து உட்காரும். பாஸ்போர்ட் மாறியதா, குரலும் மாறும். "போதும்ப்பா, இனிமே நாடு தாங்காது" என்று கூவத் தொடங்கும். எந்த வருஷம் கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். தான் வந்ததற்கு மறு வருஷத்தைச் சொல்லும். எங்கள் தெருவில் முடிவெட்டும் போலந்துக்காரர் 2006 என்கிறார். அவரிடம் முடிவெட்டிக்கொள்ளும் ருமேனியாக்காரர் 2015 என்கிறார். நான் வந்தது 2009-இல். யோசித்துப் பார்த்தால் 2010-தான் சரியான வருஷம் என்று எனக்கும் படுகிறது.

என் முதலாளி தொய்முஸ் அலி 1985 என்பார்.

வங்காளதேசத்துச் சிலெட்டிலிருந்து பதினொரு வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாமல் வந்தவர். அவருடைய அப்பா அதற்கும் இருபது வருஷம் முன்னாலேயே வந்தவர். வேலைக்கு வர வவுச்சர் என்று ஒரு சீட்டு வேண்டியிருந்த காலம் அது. வவுச்சர்காரர் மகன் என்றால் எங்களவர்களிடையே தனி மரியாதை. கல்யாண வீட்டில் முதல் பந்தி, பள்ளிவாசல் கமிட்டியில் முன் நாற்காலி. எங்கள் சாப்பாட்டுக்கடைக்கு சுர்மா மஹால் என்று பெயர், ஊரில் ஓடும் ஆற்றின் பெயர். ஆறு அங்கே ஓடுகிறது, மஹால் இங்கே ஒரு துணிவெளுப்புக் கடைக்கும் பந்தயம் கட்டும் கடைக்கும் நடுவில் நிற்கிறது. வாசலில் 'இந்திய உணவகம்' என்று போட்டிருக்கும். நாங்கள் வங்காளதேசத்துக்காரர்கள்தான், ஆனால் இந்த நாட்டில் இந்தியச் சாப்பாட்டைச் சமைப்பது நாங்கள். 'மெட்ராஸ்' என்று ஒரு காரக் கோழிக்கறி உண்டு. மெட்ராஸ்காரர் யாராவது அதைப் பார்த்தால் எங்கள் மேல் வழக்குப் போடுவார்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த மெட்ராஸைச் சாப்பிட வருகிறவர் கீத். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். தொய்முஸ் அலியை 'டாம்' என்று கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் உயிர் சிநேகிதம். காரணம், ஒரே கருத்து.

"டாம், நேத்து செய்தி பாத்தியா? இன்னும் வந்துக்கிட்டே இருக்கானுங்கய்யா!"

"அதை ஏன் கேக்கறே கீத்! எங்க காலத்துல வந்தவன் உழைக்க வந்தான். இப்ப வர்றவன் சும்மா வர்றான்."

"உன்ன மாதிரி ஆளுங்க வந்தா யாரு வேணாம்கறா?"

இதைக் கேட்டதும் முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிடும். கீத்துக்கு ஒரு அப்பளம் இலவசம். நானும் அந்த 'இப்ப வர்றவன்' கூட்டத்தில் ஒருவன்தான், கையில் தண்ணீர்க் கூஜாவோடு அங்கேயே நிற்கிறேன், அது இரண்டு பேர் கண்ணிலும் படாது. மானேஜ்மென்ட் படிக்க வந்து, படிக்க வந்த கல்லூரியே இழுத்து மூடப்பட்டு, இங்கே தட்டு ஏந்தத் தொடங்கியவன் நான். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால் முதலாளியின் கடிதம், படிவம் எல்லாம் என் தலையில்.

கதவுசாத்தியை அடையாளம் காண இன்னொரு வழியும் உண்டு. அதன் வாயில் ஒரு மந்திரம் இருக்கும். "நம்ம கேஸ் வேற." வண்டி நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் காரை நிறுத்தினால், "நம்ம கேஸ் வேற, சாமான் இறக்கறோம்." ஆஸ்பத்திரியில் வரிசையைத் தாண்டிப் போனால், "நம்ம கேஸ் வேற, டாக்டர் தெரிஞ்சவர்." சட்டம் என்பது ஊருக்கெல்லாம் பெய்கிற மழை, தனக்கு மட்டும் ஆண்டவன் குடை கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்பது அதன் நம்பிக்கை.

இப்படி இருக்கையில் எங்கள் தந்தூர் அடுப்பு மாஸ்டர் ஆங்குர் மியா போன ஜனவரியில் கையை விரித்துவிட்டார். முப்பது வருஷம் நெருப்புக் குழிக்குள் கையை விட்டு 'நான்' ரொட்டியை அறைந்து சுட்டவர். தோள்பட்டை போய்விட்டது. வருஷக் கடைசி வரை ஒப்பேற்றுகிறேன், அதற்குள் ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முதலாளி கலங்கவில்லை. ஆள் ஏற்கெனவே தயார். கல்யாணமாகி ஊரிலேயே தங்கிவிட்ட அக்கா ஹாஸ்னாராவின் மகன் ஷிப்லு. வயது முப்பத்து நாலு, இரண்டு பெண் குழந்தைகள், சிலெட்டில் ஒரு பெரிய ஓட்டலில் தந்தூரில் நிற்கிறவன், நல்ல கைக்காரன். "உன் புள்ளைய நான் கூட்டிக்கறேன்" என்று அக்கா கணவர் இறந்தபோது மையித்தின் முன்னால் நின்று அக்காவிடம் சொன்ன வாக்கு அது. கடைக்கு வெளிநாட்டு ஆளை வரவழைக்கும் உரிமமும் இருக்கிறது. விண்ணப்பம் போடுவது ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் கதவுசாத்தியின் இன்னொரு குணம் வேலையைக் காட்டியது. தன் ஆள் வரலாம், ஆனால் தகுதியோடு வர வேண்டும். மூக்கு ஒழுக வந்தவர்கள்தான் தகுதியைப் பற்றி அதிகம் பேசுவார்கள் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

எங்கள் தொழிலில் 'பேஸ் கிரேவி' என்று ஒன்று உண்டு. ஒரு மூட்டை வெங்காயத்தை மணிக்கணக்கில் வேகவைத்து அரைத்து அண்டா நிறைய வைத்துக்கொள்ளும் குழம்பு. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மிளகாய் போட்டால் மெட்ராஸ், தேங்காயும் பாலாடையும் போட்டால் குருமா, பருப்புப் போட்டால் தன்சாக். மெனுவில் அறுபது பெயர், அண்டா ஒன்று. சிலெட்டில் எந்த மனிதனும் இப்படிச் சமைக்க மாட்டான். ஆகவே ஷிப்லு அதைக் கற்றுத் தேறிய பிறகுதான் விண்ணப்பம் என்று முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிப்ரவரியிலிருந்து திங்கட்கிழமைதோறும் மத்தியானம் வீடியோவில் பாடம். போனை நான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"கலர் வரலடா. இன்னும் வதங்கணும்."

"மாமா, வெங்காயம் ஏற்கெனவே கூழாயிடுச்சு மாமா."

"கூழாகணும். அதான் தொழில். மஞ்சள் போடு. ருசி பாரு. எப்படி இருக்கு?"

"ஒரு ருசியும் இல்ல மாமா."

"ஆங், அதான் சரியான பதம்! வெள்ளைக்காரன் நாக்கு ஒரு பலகை, அதுல நாம எழுதணும். முதல்ல பலகையைக் காலி பண்ணணும்."

"மாமா, மூணு மாசமா வாரம் ஒரு அண்டா. அம்மா தொடமாட்டேங்கறாங்க, புள்ளைங்க அழுவுதுங்க, பக்கத்து வீட்டு ஆடுகூட மோந்துட்டுப் போயிடுச்சு. நான் அங்க வந்தே கத்துக்கறேனே?"

"வந்து கத்துக்கறவன்லாம் எங்க காலத்தோட போச்சு. இப்ப நாடு தகுதியைக் கேக்குது."

'எங்க காலத்'தில் பதினொரு வயதில் அவர் என்ன தகுதியோடு வந்தார் என்று ஷிப்லு கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவன். நானும் கேட்கவில்லை. வேலை வேண்டியவன்.

மே மாதம் அறிவிப்பு வந்தது. குடியேற்றத்தைக் குறைக்க விசா விதிகளை இறுக்குகிறார்களாம். ஜூலையில் ஒரு தேதி. அதற்குப் பிறகு சமையல்காரர்களைப் புதிதாக வெளியிலிருந்து வரவழைக்க முடியாது. முதலாளி கல்லாவுக்குப் பின்னாலிருந்து துள்ளி எழுந்தார். சந்தோஷத்தில்தான். ஏனென்றால் எதிர்வரிசையில் குஷியாரா லவுஞ்ச் என்ற சாப்பாட்டுக்கடை நடத்தும் மக்லிஸ் மியா சிலெட்டிலிருந்து ஒரு சமையல்காரரைக் கொண்டுவர ஏற்பாடு செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

"மக்லிஸ் மியாவுக்கு வெச்சாங்கடா ஆப்பு! இதத்தான் நான் பத்து வருஷமா சொல்றேன். யாரு கேட்டா?"

"பாய்சாப், நம்ம ஷிப்லுவும் சமையல்காரன்தானே?" என்றேன்.

"அதுக்கு?"

"ஜூலைக்கு முன்னாடி போட்டுடலாமே. படிவம் எல்லாம் ரெடி. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"நொஜ்முல், உனக்குப் படிப்பு இருக்கு, விவரம் பத்தல. இந்தச் சட்டம் எதுக்கு? கண்டவனும் வரக் கூடாதுன்னு. ஷிப்லு கண்டவனா?"

"சட்டத்துல ஷிப்லு பேரைப் போட்டு 'இவர் நீங்கலாக'ன்னு எழுதலையே, பாய்சாப்."

"வவுச்சர்காரர் பேரன்டா அவன்! நம்ம கேஸ் வேற. அவன் கிரேவி இன்னும் பதம் வரல. அவசரப்பட்டு ஓடற கூட்டத்தோட என் மருமகனை நிக்கவைக்கச் சொல்றியா?"

ஓடுகிற கூட்டம் என்று அவர் சொன்னது மெய்தான். கடை சாத்தப் போகிறோம் என்று சொன்னால் கூட்டம் குறையுமா, கூடுமா? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சோம்பி இருந்தவன், அண்ணனைக் கூப்பிடலாமா தம்பியைக் கூப்பிடலாமா என்று மூன்று வருஷமாக யோசித்தவன், வருகிற எண்ணமே இல்லாதவன் எல்லாரும் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். மக்லிஸ் மியா முதல் நாளே போய் நின்றார். விசா வக்கீல் ஃபஹ்மிதாவின் அலுவலகத்தில் உட்கார நாற்காலி இல்லை, மாடிப்படியெல்லாம் எங்கள் ஆட்கள். ஆட்களைக் குறைக்கப் போட்ட விதி, அந்த இரண்டு மாதத்துக்கு எங்கள் தெருவில் ஆட்களைக் கூட்டிக் காட்டியது. முதலாளியின் பெரியப்பாவே அந்தக் காலத்தில் இப்படி ஒரு 'சாத்தப் போகிறோம்' அறிவிப்பைக் கேட்டு அலறிப் புடைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்தான். அறிவிப்பு வராமல் இருந்திருந்தால் அவர் ஊரில் வெற்றிலை மென்றுகொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். அந்தக் கதையை எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னவரும் முதலாளிதான். இப்போது ஜன்னல் வழியாக ஃபஹ்மிதாவின் மாடிப்படியைப் பார்த்து, "தோபா, தோபா! பாரு, எப்படி விழுந்து சாவுறானுங்க. இவனுங்களாலதான் கணக்கே எகிறுது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஜூலை போயிற்று. ஆகஸ்டில் மக்லிஸ் மியாவின் சமையல்காரர் பெட்டியோடு வந்து இறங்கினார். செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை ஷிப்லுவின் குழம்பு பதத்துக்கு வந்தது. முதலாளி போன் திரையை மூக்கருகே வைத்துப் பார்த்து, "மாஷா அல்லா, தேறிட்டேடா!" என்றார். அங்கே ஷிப்லு குழந்தைபோலக் குதித்தான். ஹாஸ்னாரா திரைக்குள் வந்து அழுதார். மறுநாளே முதலாளி கோட்டு மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஃபஹ்மிதாவிடம் போனார். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"சாச்சா, ஜூலையோட முடிஞ்சிடுச்சு. சமையல்காரர் வேலைக்கு இப்ப விண்ணப்பமே போட முடியாது."

"நம்ம கேஸ் வேறம்மா. அவன் என் அக்கா மவன்."

"அக்கா மவன்னு ஒரு விசா கிடையாது சாச்சா."

"நான் வரி கட்டறவன். நாப்பது வருஷமா இங்க இருக்கேன். இந்தச் சட்டம் வேணும்னு சொன்னதே நான்தான்! கீத்தைக் கேட்டுப் பாரு!"

ஃபஹ்மிதா பேனாவைக் கீழே வைத்தாள். "சாச்சா, கோவிச்சுக்காதீங்க. உங்க கேஸ் வேற இல்ல. இன்னிக்குக் காலையிலேர்ந்து இதே கேஸ் நாலு வந்துடுச்சு. நாலு பேரும் 'எங்க கேஸ் வேற'ன்னுதான் ஆரம்பிச்சாங்க."

 முதலாளி மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். கடைக்கு வந்ததும் போனை என்னிடம் நீட்டி, "நீயே சொல்லிடு" என்று அடுக்களைக்குள் போய்விட்டார்.

நான்தான் சொன்னேன்.  "வேலையை விட்டுட்டேன் நொஜ்முல் பாய்" என்றான் ஷிப்லு. ஓட்டலில் வழியனுப்பு விருந்தே வைத்துவிட்டார்களாம். எங்கள் ஊரில் இந்த நாட்டுக்குப் போனவனை 'லண்டனி' என்பார்கள். விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே தெருவில் அவனுக்கு அந்தப் பேர் வைத்தாகிவிட்டது. "இப்ப டீக்கடையில போய் நின்னா, 'என்ன லண்டனி, அங்க குளிர் எப்படி?'ன்னு கேக்கறாங்க. பெரியவ பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. அவகிட்ட நான் என்னன்னு சொல்றது பாய்? மாமாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. நான் அந்தக் குழம்பை நல்லாத்தானே வெச்சேன்?"

நல்லாத்தான் வெச்சே, தம்பி, என்றேன். வேறென்ன சொல்வது? எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதே சமயம், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், உள்ளே எங்கோ ஒரு மூலையில் குட்டியாக ஒரு நிம்மதியும் வந்தது. முதலாளியின் மருமகன் வந்திருந்தால் இரண்டே வருஷத்தில் கல்லாவில் உட்கார்ந்திருப்பான், நான் தண்ணீர்க் கூஜாவோடு அவன் பின்னால் நின்றிருப்பேன். எனக்கே என் மேல் வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான்.

கதவுசாத்தி இதற்குப் பிறகாவது திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இனத்தின் பெருமையைக் கெடுக்காதீர்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார், மூன்றாம் நாள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "சட்டத்துல தப்பில்லடா. ஜூலைக்கு முன்னாடி மக்லிஸ் ஆளு மாதிரி திமுதிமுன்னு பூந்தானுங்க பாரு, அவனுங்க நம்ம ஷிப்லு இடத்தைத் தின்னுட்டானுங்க!"

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை புதுக் கணக்கு வெளியானது. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் மிஞ்சுகிற எண்ணிக்கை, முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டதாம். மறுநாள் கீத் வரும்போதே கையைத் தட்டிக்கொண்டு வந்தார். சொன்ன வருஷக் கடைசிக்கு முன்னாலேயே தோள் தாங்காமல் ஆங்குர் மியா போய்விட்டிருந்தார், தந்தூரில் முதலாளியே நின்று, முதல் வாரமே முழங்கை வரை சுட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு கல்லாவுக்குத் திரும்பியிருந்தார்.

"டாம், ஜெயிச்சுட்டோம்யா!"

"ஜெயிச்சுட்டோம் கீத்!" கட்டுப் போடாத கையால் கைகுலுக்கினார். அப்பளம் இலவசம்.

கீத் 'நான்' ரொட்டியைக் கிள்ளி மெட்ராஸில் தோய்த்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். "இது என்னய்யா, அட்டை மாதிரி இருக்கு?"

"பாக்கெட் ரொட்டி" என்றேன். "சூப்பர் மார்க்கெட்டுல வாங்கினது."

"ஏன், சுடறதுக்கு ஆள் இல்லியா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூஜாவைப் பார்த்தேன். கீத்துக்குக் கறி வேண்டும், கறி சமைக்கிறவன் வேண்டாம். அதையும் நான் சொல்லவில்லை. ஆனால் கீத் போன பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாய்சாப், அந்தக் கணக்குல குறைஞ்சுதே, அதுல ஒண்ணு நம்ம ஷிப்லு."

அவர் டிவி ரிமோட்டை எடுத்தார், வைத்தார். கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார். "அவன் கேஸ் வேறடா" என்றார். குரல் கம்மிப்போயிருந்தது. சாயங்காலக் கூட்டம் வரத் தொடங்கியதால் நான் மேஜை துடைக்கப் போய்விட்டேன்.

இவ்வளவுதான் கதவுசாத்தியின் லட்சணம். உங்கள் பக்கத்திலும் ஒன்று இரண்டு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஃபஹ்மிதா பேனாவைக் கீழே வைத்து "உங்க கேஸ் வேற இல்ல" என்றாளே, அப்போது நீங்கள் சிரித்தீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். 'நல்லா வேணும் இந்த ஆளுக்கு' என்று மனசுக்குள் ஒரு தட்டுத் தட்டினீர்கள். வாஸ்தவம், நல்லா வேணும்தான். ஆனால் தொய்முஸ் அலிக்கு என்ன ஆயிற்று? அவர் உள்ளே இருக்கிறார், பாஸ்போர்ட் இருக்கிறது, கை இன்னும் பத்து நாளில் ஆறிவிடும். மூடின கதவுக்கு வெளியே நிற்கிறவன் ஷிப்லு. அவன் ஞாபகமே வராமல், உள்ளே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, கதவு படாரென்று சாத்திய சத்தத்துக்கு நீங்கள் கைதட்டினீர்களே, நீங்கள் எந்த வருஷத்து ஆள்?